இடது பின் டயர்

மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவதாக ஒரு டயர்.

கம்பத்தில் மேடை ஏறாத பொருள் கிடையாது. பரிசு வாங்கிய திராட்சைக் குலை ஏறியிருக்கிறது. கிடா ஏறியிருக்கிறது. தேர்தல் சமயத்தில் ஏறாதது எது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வெடித்த டயர் ஏறியது 2004ஆம் வருடம், மலைவழி ஜீப் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டத்தில்தான் முதல் தடவை. வாழைக்காய் மண்டிக்கு மேல் மாடியில் கூட்டம். பச்சை விரிப்புப் போட்ட மேசையின் நடுவில் டயரைப் படுக்க வைத்திருந்தார்கள். வரவேற்புக்கு நின்றவர் பழக்கதோஷத்தில் கையிலிருந்த மாலையை அதன் மேல் வைத்துவிட்டு, எல்லாரும் பார்ப்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துவிட்டார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சுருளியாண்டியும் அதைப் பார்த்தான். இது சிரிப்பு வரவேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. அழுகை வரவேண்டிய இடங்களில் அழுகையும் வரவில்லை என்பதால் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் ஓட்டிய ஜீப்பின் இடது பின் டயர் அது. போன மாதம், ஏலத்தோட்ட வேலை முடிந்த பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கமிருந்து கம்பமெட்டு மலை இறங்கி வரும்போது வெடித்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாறைப் பக்கமாக மோதி நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் மொத்தப் பேரும் போயிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஒருத்திக்குக் கை முறிவு. செத்தது ஒரே ஒருத்தி, பின்படியில் நின்று வந்தவர்களில் கடைசியாக ஏறியவள். அவள் அன்னத்தாய். சுருளியாண்டியின் மனைவி.

ஓட்டுகிறவன் பெண்டாட்டி எதற்காகப் படியில் நின்றாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். உள்ளூரில் யாரும் கேட்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் அதுதான் வழக்கம். ஆள் கூட்டிப் போகும் கங்காணி தலைக்கு இவ்வளவு என்று வண்டிக்குக் கொடுக்கிறார். ஆகவே உட்காரும் இடம் காசு கொடுத்த தலைகளுக்கு. ஓட்டுநர் வீட்டு ஆள் ஓசித் தலை. ஓசித் தலை உட்கார்ந்து வந்தால், ‘பொண்டாட்டிய மகாராணியாட்டம் ஒக்கார வச்சிக்கிட்டு நம்மள நிக்க வைக்கிறான் பாரு’ என்று சுருளிப்பட்டி வரைக்கும் பேச்சு வரும். அன்னத்தாய் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதவள். ஸ்டாண்டுக்கு முதல் ஆளாக வருவாள். கடைசி ஆளாக ஏறுவாள்.

பிள்ளை கிடையாது. சுருளியாண்டியே கொள்ளி வைத்து, மொட்டை போட்டுக்கொண்டான். இப்போது முடி முளைத்துக் குத்திக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது, தலைக்குத் தெரியவில்லை.

கூட்டம் அவனுக்காகக் கூடியதுதான். ஸ்டாண்டில் அவனுக்குத் திரும்ப டர்ன் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால் நாளை விடியற்காலையே வண்டி எடுக்கலாம். கொடுக்காவிட்டால் தோட்ட வேலைக்கோ தேனிப் பக்கம் லாரிக்கோ போக வேண்டியதுதான். எது நடந்தாலும் அவனுக்குச் சம்மதம். அவனுக்குத் தெரிய வேண்டியது வேறு. அவளைக் கொன்றது டயரா, நானா?

இந்த ஒன்றுதான் அவனுக்குள் மரத்துப்போகாமல் கிடந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கு போய்ப் போய் அந்த இடத்தைத் தடவுமே, அப்படித் தடவிக்கொண்டே இருந்தான். வலிக்கவில்லை. அங்கே ஏதோ இருப்பது மட்டும் தெரிந்தது.

சங்கத் தலைவர் சண்முகராஜ் எழுந்து மைக்கைத் தட்டினார். அவருக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனரில் இன்னொரு சண்முகராஜ் காதில் செல்போனை வைத்துக்கொண்டு மேகங்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார். ‘சாலைப் பாதுகாப்புச் சிற்பியே வருக’ என்று போட்டிருந்தது. வருக என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. பேனர் செலவே அவருடையது.

“அன்பிற்கினிய சாரதிகளே! வெடித்த டயர் என்னுடைய ஜீப்பில் இருந்த டயர்தான். நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். வண்டி எனக்குச் சொந்தம். நீதி எனக்குச் சொந்தம் இல்லை!”

பலத்த கைதட்டல். என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத வாக்கியத்துக்குத்தான் நம்மூரில் கை நன்றாகச் சேரும்.

“சக்கரம் என்பது என்ன? உலகமே ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்துக்கு டயர் எது?” என்று கேட்டுவிட்டு, பதில் தனக்கே தெரியாததால், “ஆகவே டயரையே பேச வைப்போம்” என்று முடித்தார். “ஷானவாஸ் பாய், வாங்க. அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் கேக்கப் படிங்க.”

உத்தமபாளையம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஷானவாஸ் மேடையில் மூன்றாவது ஆள். இந்த டயரை விற்றவரும் அவர்தான். டீக்கடைகளில் ஒரு மாதமாக ‘பாய் கடை டயர்’ என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து டயரின் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்த்தார். கறுப்போடு கறுப்பாகக் கிடந்த எழுத்துகள் வெள்ளையாக மேலே வந்தன. முன்வரிசை எட்டிப் பார்த்தது.

“ஆறு புள்ளி சைபர் சைபர். ஒரு கோடு. பதினாறு.”

“காலைல ஆறு மணிக்குப் பதினாறு பேர ஏத்துன்னு போட்டிருக்கான்!” என்று பின்னாலிருந்து ராக்கையா குரல் கொடுத்தான். அவனும் ஜீப் ஓட்டுகிறவன்தான். வாய்க்கு பிரேக் கிடையாது. “நம்மதேன் அஞ்சு மணிக்கே ஏத்தீர்றோம்.”

“ஏலே, வாய மூடிக்கிட்டு ஒக்கார்றா.”

“ஆறுன்னா டயரோட அகலம், இஞ்சுக் கணக்கு” என்றார் ஷானவாஸ். “பதினாறு, உள்ள மாட்டுற டிஸ்க்கோட குறுக்களவு. பதினாறு டயர பதினஞ்சு டிஸ்க்குல மாட்ட முடியாது. நடுவுல கோடு இருந்தா நைலான் டயரு. கார் டயர்னா கோட்டுக்குப் பதிலா ஆர்னு இருக்கும். ரேடியல்.”

கார் என்றதும் தலைவருக்குப் பொறுக்கவில்லை. கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. “என் கார்லயும் இருக்கு. நூத்தியம்பத்தஞ்சு, எம்பது, ஆர் பதிமூணு, எழுபத்தொம்பது டி. எம்பதுன்னா எம்பது கிலோமீட்டர் வேகம். டி-ன்னா தமிழ்நாடு. நம்ம ரோட்டுக்குன்னே தனியாச் செஞ்சு அனுப்புறாக.”

ஷானவாஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். தலைவருக்கு நான்கு ஜீப், ஒரு கார், ஆக இருபது டயர், ஸ்டெப்னியோடு இருபத்தைந்து. “தலைவர் சொன்னாச் சரியாத்தேன் இருக்கும். கம்பெனிக்காரன்தேன் வேற மாதிரி சொல்லுவான். நூத்தியம்பத்தஞ்சு மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்துல நூத்துக்கு எம்பது பங்கு பக்கவாட்டு ஒசரம்பான். டி-ன்னா மணிக்கு நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்பான்.”

“நூத்தித் தொண்ணூறா? அப்ப தேனிக்குக் கால் மணி நேரம்!” என்றார் தலைவர்.

“போஸ்ட்மார்ட்டத்துக்கு நேரத்தோட போய்ச் சேந்துறலாம்” என்றான் ராக்கையா.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிரிக்கத் தொடங்கிய வாய்கள் பாதியில் நின்றன. எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. சுருளியாண்டி எல்லாரையும் பார்த்தான். அவர்களுக்கு ஏதாவது முகம் காட்ட வேண்டும் போலிருந்தது. எந்த முகம் என்று தெரியவில்லை. குனிந்து செருப்பைச் சரிசெய்தான். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

பேச்சை மாற்றவோ என்னவோ, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். “அதென்ன பாய் எழுபத்தொம்பது? அத விட்டுட்டீகளே.”

எழுபத்தொன்பது என்பது அந்தக் கார் டயர் ஒன்று எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான குறி. பட்டியலில் பார்த்தால் நானூற்று முப்பத்தேழு கிலோ. ஷானவாஸுக்கு அது தெரியும். மதுரையில் ஒரு ஓட்டல் மாடியில் கம்பெனிக்காரர்கள் வகுப்பு எடுத்து, பிரியாணி போட்டு, பட்டியலும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். “அது ஒரு குறி நம்பரு. கம்பெனிக்காரனுக்குள்ள” என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை ஜீப் டயருக்கே திருப்பினார்.

சுமை என்ற சொல் அந்த மாடிப்படி ஏறி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அங்கே எல்லாருக்கும் அக்கறை இருந்தது. வாசலில் யாரும் காவல் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் இவ்வளவு கட்டுப்பாடு இருந்திருக்காது.

“அடுத்தது, ஆறு பி.ஆர். ஆறு பிளை. டயரோட பலத்துக்கு உண்டான கணக்கு. அப்பறம் இந்தா, முட்டை மாதிரி வட்டத்துக்குள்ள நாலு நம்பரு. ஒண்ணு, ஒம்பது, சைபர், ரெண்டு. டயரு செஞ்ச தேதி. ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசம், பத்தொம்பதாவது வாரம்.”

“ரெண்டு வருசத்துப் பழசா?” தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“டயரு அஞ்சாறு வருசம் தாங்கும் தலைவரே. ஒங்களுக்குக் குடுத்தப்ப அது புதுசு” என்று ஷானவாஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“பத்தொம்பதாவது வாரம்னா எந்த மாசம்?”

ஷானவாஸ் விரல் விட்டு எண்ணினார். “மே மாசம். மொத வாரம் கழிஞ்சு.”

தலைவர் கண்ணை மூடினார். திறந்தபோது அதில் ஞானம் இருந்தது.

“அக்னி நட்சத்திரம்!”

மாடி முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரு மாதமாகக் கிடைக்காத திருடன் கையும் களவுமாகச் சிக்கியது போல எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்னி நட்சத்திரத்துல கடக்கால் போடுவமா?” என்று கேட்டார் தலைவர்.

“மாட்டோம்!”

“கெணறு தோண்டுவமா?”

“மாட்டோம்!”

“நாத்துப் பாவுவமா? நம்ம ஆத்தா அப்பன் சொல்லிக் குடுத்தது எதுக்கு? அந்த வெயில்ல காச்சி ஊத்துன ரப்பர் எப்பிடிய்யா எறுகும்? எவனோ ஒரு எஞ்சினியர், ஏசி ரூம்புல ஒக்காந்துக்கிட்டு, நாள் பாக்காம நட்சத்திரம் பாக்காம டயரச் செஞ்சு நம்ம தலையில கட்டியிருக்கான். அதுக்கு ஒரு உயிர் போயிருக்கு!”

ஷானவாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பழி தன் கடையைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, முகவரி தெரியாத ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. தொழிற்சாலை வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. “வாஸ்தவந்தேன் தலைவரே” என்றார். உற்சாகத்தில் டயரை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, கூட்டத்துக்குத் தேதி தெரியும்படி காட்டினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். அதற்குச் சோறாவது வேண்டும். ஷானவாஸுக்குக் கட்டைவிரலே போதுமானதாக இருந்தது. தேதிக்குக் கீழே ஓடிய பொடி எழுத்து வரி ஒன்று அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் படுத்திருந்தது. வேண்டுமென்று வைத்தாரா, கை தானாகப் போயிற்றா என்பதை அவர் பின்னாளில்கூட யோசித்துப் பார்த்ததில்லை.

சுருளியாண்டிக்கு அந்த வரி தெரியும். ஸ்டெப்னி மாற்றக் குத்தவைத்து உட்கார்ந்தால் மூக்குக்கு நேராக வருவது அதுதான். இங்கிலீஷ் படிக்க வராது. எண் படிக்க வரும். கே.ஜி. என்ற இரண்டு எழுத்தும் தெரியும். ஏலக்காய் மூட்டையிலும் ரேஷன் கடைத் தராசிலும் அதைப் பார்க்காத கண் அந்தப் பக்கத்தில் கிடையாது. வருடக்கணக்கில் அவன் அதைப் பார்த்திருக்கிறான், வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்ப்பது போல. இருக்கிறது என்று தெரியும். வீடு நிற்கிறது என்பதும் தெரியும்.

தலைவர் தீர்ப்புக்கு வந்தார். ஓட்டுநர் சுருளியாண்டி மேல் எள்ளளவும் தப்பில்லை. நாளை காலையே முதல் டர்ன். தலைவரின் இன்னொரு ஜீப், புது டயர்களோடு. “தம்பி, ரெண்டு வார்த்த பேசு.”

பக்கத்தில் இருந்தவர்கள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். நன்றி சொல்லப் போகிறான் என்று மைக்கை நீட்டினார்கள்.

“அந்தப் பொடி எழுத்த பாய் படிக்கல” என்றான் சுருளியாண்டி.

“எந்த எழுத்து?”

“அவுக கட்டவெரலு இருக்கிற எடத்துல.”

ஷானவாஸ் சூடு பட்டது போல விரலை எடுத்தார். மறுபடி வைக்க முடியாது. தலைவரைப் பார்த்தார். தலைவர் பேனரைப் பார்த்தார். பேனர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தது.

“அது… அறுநூத்திப் பதினஞ்சு கிலோ.”

“எதுக்கு?”

“ஒரு டயரு தாங்குற எடை. இவ்வளவு காத்து அடிச்சா இவ்வளவு எடைன்னு. அதுக்கு மேல…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

கீழே மண்டியில் யாரோ வாழைத்தார் எண்ணும் குரல் தெளிவாகக் கேட்டது. மேலே யாரும் எண்ணவில்லை. ஒரு பையன் வயசு ஓட்டுநர் மட்டும் விரலை மடக்க ஆரம்பித்தான். பக்கத்து ஆள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு உள்ள இருபத்திரெண்டு பேரு” என்றான் சுருளியாண்டி. மளிகைச் சாமான் சொல்வது போலச் சொன்னான். “படியில மூணு பேரு. மேல வெறகுக் கட்டு. நாலஞ்சு பலாப்பழம். எல்லாப் பாரமும் பின்னாடிதேன் ஒக்காரும். வண்டியோட சொந்தப் பாரம் வேற. இத்தன ஏத்துனா டயரு வெடிக்குமா, வெடிக்காதா பாய்? அத மட்டும் சொல்லுங்க.”

ஷானவாஸ் நல்ல மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் அவருக்கு உண்மையைப் பாதியாக நறுக்கத் தெரிந்திருந்தது. “வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். இத்தன வருசமா எல்லா வண்டியிலயும் இத்தன பேர ஏத்திக்கிட்டுத்தேன போறாக. வெடிக்கலயே.”

அவ்வளவுதான், மாடிக்கு உயிர் வந்துவிட்டது.

“அதெல்லாம் வெள்ளக்காரன் ஒடம்புக்குப் போட்ட கணக்குய்யா! மாட்டுக்கறி திங்கிறவன், ஒருத்தன் நூறு கிலோ இருப்பான். நம்ம பொம்பளைக எல்லாம் காஞ்ச கருவாடு.”

“பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறாக. அதுல எழுதலயா?”

“ரேஷன்ல கிலோன்னு எழுதியிருக்கான். ஒரு கிலோவா இருக்கு? எழுதுறதெல்லாம் நெசமா?”

ராக்கையாவின் வாய்க்கு மட்டும் அன்றைக்கு முதல் தடவையாக பிரேக் பிடித்திருந்தது.

தலைவர் கையை உயர்த்தி அமைதி வாங்கினார். “தம்பி துக்கத்துல பேசுறான். நம்ம தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார். பிறகு மேடைத் தமிழுக்கு ஏறிக்கொண்டார். “தீர்மானம் ஒன்று. அக்னி நட்சத்திரக் காலத்தில் டயர் தயாரித்த கம்பெனியை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. தீர்மானம் இரண்டு. டயரில் அச்சிடும் கிலோ அளவு, நம் மலைவழி மக்களின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் குறைவாக அச்சிடப்படுவதால், அதை உயர்த்தி அச்சிடுமாறு கம்பெனியை இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.”

சங்கத்தின் வரலாற்றில் எந்தத் தீர்மானத்துக்கும் எதிர்ப்பு வந்ததில்லை. இதற்கும் வரவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவற்றில் ஒன்று தன்னுடையது என்பதைச் சுருளியாண்டி சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தான். பக்கத்து ஆள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியிருந்தார். கீழே இறக்குவதற்கும் அவர் விட்டால்தான் முடிந்தது.

மறுநாள் விடியற்காலை ஸ்டாண்டில் முதல் வண்டி அவனுடையது. முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்து நிறுத்தினான். சுருளிப்பட்டிக் கூட்டம் சாப்பாட்டுத் தூக்குகளோடு வந்தது. கூட்டி வந்த கங்காணி நல்லகண்ணு அவன் கையைப் பிடித்து, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சாமே, டயருமேலதேன் தப்பாம்ல?” என்று துக்கமும் மகிழ்ச்சியும் சரிபாதியாகக் கலந்து விசாரித்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காரத் தோதாகத் தொடையை விரித்துக்கொண்டார்கள்.

பத்தாவது ஆள் ஏறியதும் சுருளியாண்டி பின்கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டினான்.

“அம்புட்டுத்தேன்.”

“என்னப்பா அம்புட்டுத்தேன்? பாதிக்கு மேல கீழ நிக்கிறாக!”

“பத்துப் பேருதேன் போகும்.”

“சங்கத்துலதேன் தீர்மானம் போட்டுட்டாகளே!”

“போட்டாக. வண்டி பத்துப் பேருதேன் போகும்.”

நல்லகண்ணு இறங்கி வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். பிடிவாதம் இருந்தால் திட்டலாம். அங்கே இரண்டும் இல்லை. மூடிய கடையைப் பார்ப்பது போலிருந்தது அவருக்கு. “எறங்குங்க ஆத்தா எல்லாரும். ராக்கையா வண்டிக்குப் போவோம். இவனுக்கு இன்னும் தெளியல.”

ஏறிய பத்துப் பேரும் இறங்கினார்கள். கூட்டம் பிரிந்து இரண்டு வண்டியில் போனால் தலைக்கூலியை ஏற்றிக் கேட்பார்கள், அது கங்காணிக்குக் கட்டாது. கங்காணிக்குக் கட்டாவிட்டால் நாளைக்கு அவர்களுக்கு வேலை இல்லை. கடைசியாக இறங்கியவள் பஞ்சம்மாள், அன்னத்தாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நேரமாகிவிட்டது என்று யாரோ அதட்டினார்கள். ஓடிப்போய் ராக்கையா வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டாள்.

ராக்கையா சுருளியாண்டியைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான். பின்டயர் இரண்டும் வயிறு பிதுங்கித் தரையோடு படிந்து உருண்டன.

சுருளியாண்டி தன் வண்டியில் ஏறி அதன் பின்னாலேயே போனான். ஆள் இல்லாத ஜீப் மலைக்குப் போவது ஸ்டாண்டில் யாரும் பார்த்திராத காட்சி. டீசல் யாருக்குச் செலவு என்று தலைவர் கேட்பார். கேட்கட்டும் என்றுகூட அவன் நினைக்கவில்லை. முன்னால் போகும் அந்த டயர்களிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. நிறைபாரத்தோடு எந்த ஜீப்பும் அதை ஒரே மூச்சில் ஏறாது. ராக்கையாவின் வண்டி உறுமி, நடுங்கி, நின்றது. வழக்கப்படி பெண்கள் பொலபொலவென்று இறங்கினார்கள். அந்த வளைவை நடந்து ஏறி, மேலே வண்டி வந்து நின்றதும் மறுபடி அடைத்துக்கொள்வார்கள். நல்லகண்ணு மட்டும் இறங்குவதில்லை. அதுவும் வழக்கம்.

எல்லாரும் மேலே நடக்க, பஞ்சம்மாள் மட்டும் கீழே நடந்து வந்தாள். சுருளியாண்டியின் ஜீப்பைச் சுற்றி வந்து, முன்சீட்டில் ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வந்து பின்னால் ஏறினார்கள். மேலே நல்லகண்ணு தலையை வெளியே நீட்டிக் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறார் என்பது காற்றில் கலைந்துவிட்டது.

“கூட்டத்துல என்ன சொன்னாக?” என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

“டயருங்கிறாக. அக்னி நட்சத்திரத்துல செஞ்சதாம்.”

“ம்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அவன் யாரிடமும் கேட்காததைக் கேட்டான். “அன்னைக்கு ஏறையில அவ எதாச்சும் சொன்னாளாக்கா?”

பஞ்சம்மாள் தூக்குவாளி மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். “கால் வைக்க எடமில்ல, அடுத்த வண்டியில வாரேன்னா. நீ கண்ணாடியில பாத்துக்கிட்டு, ஒட்டி நில்லு, எறக்கந்தான, வந்துருச்சுன்னு சொன்ன. நாங்களும் தள்ளி எடம் விட்டோம். ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு.”

அவனுக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. சொன்னது தன் குரல்தான்.

“அப்ப நாந்தேன்” என்றான்.

இல்லை என்று சொல்வாள் என்று ஒரு நொடி இருந்தான். சங்கத்தில் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். இவளும் சொல்லிவிட்டால் முடிந்தது.

“நீ ஏத்துன. நாங்க ஏறுனோம்” என்றாள் பஞ்சம்மாள். அவள் குரலில் பழியும் இல்லை, ஆறுதலும் இல்லை. “வேற யாருப்பா? டயரு என்ன, அதுவாவா கூப்புட்டு ஏத்துச்சு?”

பின்னால் இருந்தவர்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். சுருளியாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. ஏதோ மூட்டையைச் சுமந்து வந்தவனைப் போல வாயால் இழுத்து இழுத்து விட்டான். பஞ்சம்மாள் அவனைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“எடுப்பா” என்றாள் பிறகு. “தோட்டத்துல பேர் கூப்புட்டுருவாக.”

அவன் கியரைப் போட்டான்.